மேனிஃபோல்டு கேஸ்கட் ஏன் மறுபடி எரிந்தது? பழைய டிராக்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி மூன்று சிலிண்டர் டீசல். டர்போ கிடையாது. சிலிண்டர் ஹெட்டும், அதிலிருந்து வரும் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே புகை ஒழுகாமல் அடைப்பதுதான் கேஸ்கட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் (சிலிண்டரின் புகை வெளிவரும் வாய்) மேலொன்று கீழொன்றாக 10 மி.மீ. ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும் மரையாணி) இரண்டு, மொத்தம் ஆறு. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் நேராக மேனிஃபோல்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான பழைய டிராக்டர்களில் இருக்கும் அமைப்புதான்.

புகார் இதுதான்: காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இஞ்சினிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். கால் மணி நேரம் ஓடினால் குறைந்துவிடும். பின்பக்க போர்ட்டைச் சுற்றி ஹெட்டில் கருப்பாகக் கரி படிந்திருந்தது. இதே இடத்தில் இதற்கு முன்பும் ஒழுகி, கேஸ்கட் மாற்றப்பட்டிருக்கிறது. புது கேஸ்கட் ஒரு பருவ உழவுக்குக்கூடத் தாங்கவில்லை.

இந்த நிகழ்வின் மையமே அந்தக் கடைசி விவரம்தான். ஒரு கேஸ்கட் பல வருடம் ஓடித் தேய்ந்து எரிந்தால் அதை மாற்றினால் போதும். புதிதாகப் போட்டது சில மாதத்தில் எரிந்தால் கோளாறு கேஸ்கட்டில் இல்லை. அது உட்காரும் முகத்திலோ, அதைப் பிடிக்கும் ஸ்டட்டிலோ, மேனிஃபோல்டைத் தொங்கி இழுக்கும் பாரத்திலோ இருக்கிறது. இந்த வண்டியில் மூன்றுமே இருந்தன.

ஒழுகல் எங்கே என்று உறுதி செய்வது

டிக் சத்தம் கேட்டதும் டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) என்று முடிவுகட்டி வால்வு இடைவெளி வைக்க இறங்குபவர்கள் உண்டு. இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர் ஒழுகினாலும் இதே போன்ற சத்தம் வரும். ஆனால் அது 'புஸ் புஸ்' என்று சற்று மெத்தென்று இருக்கும், இன்ஜெக்டர் குழியில் ஈரமும் கரியும் நிற்கும். டேப்பட் சத்தம் சூடேறியதும் இந்த அளவுக்கு மறையாது. மேனிஃபோல்டு ஒழுகலோ சூடேற ஏற அடங்கும். விரிந்த இரும்பு இடைவெளியை ஓரளவு மூடிவிடுவதால்தான் அப்படி.

உறுதி செய்ய எளிய வழி ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு போர்ட்டின் ஓரமாக நகர்த்தினால், ஒழுகும் இடத்தில் சத்தம் காதில் அடிப்பது போலக் கேட்கும். ரேடியேட்டர் ஃபேனிலும் சூடான மேனிஃபோல்டிலும் குழாய் பட்டுவிடக் கூடாது. அடுத்த சோதனை, ஐடிலிங்கில் (பாரமின்றி மெதுவாக ஓடும்போது) ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்ப்பது. இன்ஜெக்டர் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் அந்த சிலிண்டர் வெடிக்காது, அந்த போர்ட்டின் டிக் சத்தமும் நின்றுவிடும். நட்டைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பீறிடும் டீசல் கைத்தோலில் நேராகப் படக் கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போகும். சூடான மேனிஃபோல்டிலும் சிந்தக் கூடாது. இந்த வண்டியில் பின்பக்கத்து மூன்றாவது சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் நின்றது.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யும் சோப்பு நீர் சோதனைதான் மிக நம்பகமானது. சைலன்சர் வாயில் துணி சுற்றி, கம்ப்ரஸர் காற்றை 0.2 அல்லது 0.3 பாருக்கு மேல் போகாமல் உள்ளே விட்டு, போர்ட் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் ஒழுகும் இடத்தில் நுரை கிளம்பும். திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று சிலிண்டருக்குள் போகத்தான் செய்யும், அதனால் பாதகமில்லை. மூன்றாவது போர்ட்டின் கீழ் ஓரத்தில் பெரிய குமிழிகள் வந்தன, முதல் போர்ட்டிலும் லேசாக நுரை தெரிந்தது. அங்கே கரி இன்னும் படியாததால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒழுகல் அது.

போர்ட் ஓரத்தில் காய்ந்த கரிக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கு வடிந்திருந்தால் யோசிக்க வேண்டும். பாரமில்லாமல் நெடுநேரம் ஐடிலிங்கில் ஓடும் இஞ்சினில் எரியாத டீசல் அப்படித் தேங்கி வழியும். பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருந்தாலும் எண்ணெய் வழியும். கேஸ்கட் மாற்றினால் வெளியே தெரிவது நிற்கும், உள்ளே வருவது நிற்காது. இங்கே கரி வறண்டிருந்தது.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்போ இல்லாத இஞ்சினில் இழுவை பெரிதாகக் குறையாது, அதனாலேயே பலர் சகித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால் ஒழுகும் சூட்டுக்காற்று ஹெட்டின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் குழி பறிக்கும். பக்கத்தில் ஓடும் டீசல் குழாயும் வயரும் வெந்துபோகும். வைக்கோல் படியும் வேலையில் தீப்பிடிக்கும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகை நேராக ஓட்டுநர் மூக்குக்கு வரும்.

கழற்றுதல்

பேட்டரி எர்த் இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் நீரில் பாதியை வடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீரை ஏன் வடிக்க வேண்டும் என்று கேட்கலாம். சில ஹெட்களில் மேனிஃபோல்டு ஸ்டட் துளை நீர் அறைக்குள்ளேயே திறக்கும். இந்த வண்டியில் நடு போர்ட்டின் கீழ் ஸ்டட் அப்படித்தான் இருந்தது.

ஸ்டட் உடைவதுதான் இந்த வேலையின் பெரிய பயம். பொறுமைதான் இதற்கு மருந்து. முந்தின நாளே வயர் பிரஷ்ஷால் மரையில் உள்ள துருவைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில் விட்டு ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஆறுமுக ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட்தான், திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம். முதலில் நட்டை இம்மியளவு முறுக்கும் பக்கம் அசைத்துத் துருப்பிடியை விட வைத்து, பிறகு தளர்த்த வேண்டும். கால் சுற்று வந்ததும் இறுகினால் திரும்ப முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். அப்படியும் அசையாத நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்தால் உருகிய மெழுகு உள்ளே இறங்கும். டீசல் குழாய்களை ஈரத்துணியால் மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் நெருப்பைக் கொளுத்த வேண்டும்.

ஐந்து நட்டுகள் வந்தன. மூன்றாவது போர்ட்டின் கீழ் ஸ்டட் ஏற்கெனவே உடைந்திருந்தது. உடைந்த முகத்தின் பாதி துருவேறிக் கருத்தும், மீதி வெளிறியும் இருந்தது. ஒரே நாளில் உடையவில்லை, விரிசல் விட்டு நாளாகி உடைந்திருக்கிறது என்று அது காட்டியது. முந்தைய கேஸ்கட்டைப் பொருத்தும்போதே இந்த ஸ்டட் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு.

சைலன்சரை முதலில் தனியே எடுத்துவிட வேண்டும். அதோடு சேர்த்து மேனிஃபோல்டை இழுத்தால் கடைசி ஸ்டட்டின் மேல் முழுப் பாரமும் விழும்.

மேனிஃபோல்டு கையில் வந்ததும் ஹெட்டின் மூன்று போர்ட்டுகளிலும் கிரீஸ் தடவிய துணியைத் திணித்தாக வேண்டும், துணிகளை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டும்போது விழும் ஒரு கரித் துணுக்கு வால்வு சீட்டில் மாட்டினால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போகும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கட் என்ற அமைப்புள்ள இஞ்சினில் இன்டேக் போர்ட்டையும் அதே அக்கறையோடு மூட வேண்டும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதில் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்த கேஸ்கட் இருக்கலாம். கிரைண்டரில் வயர் வீல் மாட்டி உலர்ந்தபடி தேய்த்தால் அந்த நூலிழைத் தூசு நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, தட்டையான ஸ்கிரேப்பரால் சுரண்டி, ஈரத்தோடே பைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும். நல்ல முகமூடியும் தேவை.

அளந்தபோது தெரிந்தது

சுத்தம் செய்த மேனிஃபோல்டின் மூன்று முகங்களின் மேலும் நேர்விளிம்பை வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செலுத்திப் பார்த்தோம். நடு போர்ட்டில் நேர்விளிம்பு படிந்து நின்றது. முதல் போர்ட்டின் ஓரத்தில் 0.15 மி.மீ. மூன்றாவது போர்ட்டின் ஓரத்தில் 0.55 மி.மீ.

1.5 மி.மீ. தடிமனுள்ள சாதாரண கேஸ்கட் முறுக்கும்போது அழுந்துவது சில பத்தில் ஒரு பங்கு மி.மீ. மட்டுமே. அரை மி.மீ.க்கு மேல் உள்ள இடைவெளியை அது நிரப்பாது. நட்டை இன்னும் இன்னும் முறுக்கி மேனிஃபோல்டை வளைத்து மூட வேண்டியிருக்கும், அந்த இழுவை முழுவதும் ஓரத்து ஸ்டட்டின் மேல் விழும். ஸ்டட் ஏன் உடைந்தது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. முழு நீளத்துக்கும் 0.2 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் முகம் பிடிக்காமல் (சமமாகச் சீவாமல்) பொருத்தக் கூடாது என்பதைக் கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு.

ஏன் வளைந்தது? மேனிஃபோல்டின் வெளிப்பக்கம் கடுமையாகச் சூடாகிறது, ஹெட்டை ஒட்டிய முகம் நீரால் குளிரும் ஹெட்டுக்கு வெப்பத்தைக் கொடுத்து ஒப்பீட்டளவில் குளிர்ந்திருக்கிறது. விரிய இடமில்லாத வெளிப்பக்கம் அழுந்தி அப்படியே படிந்துவிடுகிறது. குளிரும்போது அது முன்னைவிடக் குட்டையாகச் சுருங்குவதால் இரு முனைகளும் ஹெட்டை விட்டு வெளியே வளைகின்றன. உழவு முடிந்து கொதிக்கும் இஞ்சினை உடனே நிறுத்துவதும், சூடான மேனிஃபோல்டில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும், அடைத்த ஏர் ஃபில்டரோடு ஓட்டிப் புகையின் சூட்டை ஏற்றுவதும் இதை விரைவுபடுத்தும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். முதல் ஸ்டட்டுக்கும் கடைசி ஸ்டட்டுக்கும் இடையே 400 மி.மீ. வார்ப்பிரும்பு ஒரு மி.மீ. நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கு விரிவது சுமார் 0.0000105 மி.மீ. மேனிஃபோல்டு 400 டிகிரி ஏறினால் 1.7 மி.மீ. நீளும். ஹெட் ஏறுவது 60 டிகிரிதான், அது நீள்வது கால் மி.மீ. வித்தியாசம் 1.4 மி.மீ.க்கு மேல். நடு போர்ட் நிலையாக நின்றால் ஒவ்வொரு முனையும் 0.7 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். மேனிஃபோல்டின் துளை 11 மி.மீ., ஸ்டட் 10 மி.மீ. பக்கத்துக்கு அரை மி.மீ.தான் இடம், அதையும் துருவும் கரியும் அடைத்திருந்தன. அதாவது ஒவ்வொரு முறை சூடேறும்போதும் மேனிஃபோல்டு ஓரத்து ஸ்டட்களைப் பக்கவாட்டில் இடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது காரணம் சைலன்சர். மேலே தாங்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் இல்லை, உடைந்த பட்டையின் மிச்சம் மட்டும் தொங்கியது. நீண்டு நிற்கும் குழாய் ஆடும்போதெல்லாம் அடியில் உள்ள மேனிஃபோல்டு முறுக்கப்படுகிறது. சைலன்சர் வாயின் மழை மூடியும் காணோம். உள்ளே இறங்கிய மழைநீர் தேங்கி மூன்றாவது போர்ட்டின் கீழ் உதட்டைத் துரு தின்றிருந்தது.

ஹெட்டின் முகத்தில் வளைவு 0.05 மி.மீ., அது ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்றாவது போர்ட்டின் கீழே சூட்டுக்காற்று அரித்த ஒரு தடம், சுமார் 0.2 மி.மீ. ஆழத்தில் இருந்தது. அந்தத் தடம் கேஸ்கட் படியும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடந்திருந்ததால், தட்டை அரத்தால் மேடுகளை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விடலாம் என்று முடிவானது. தடம் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை முழுதாக ஓடியிருந்தால் ஹெட்டை இறக்கி முகம் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

உடைந்த ஸ்டட்டை எடுப்பது

உடைந்த துண்டு ஹெட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தடித்த வாஷரை மாட்டி ஸ்டட்டோடு வெல்டிங் வைத்து, அந்த வாஷரின் மேல் ஒரு நட்டை வைத்து மீண்டும் வெல்டிங். சாதாரண ராட் வார்ப்பிரும்பில் சரியாகப் பிடிக்காது என்பதால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் பயம் குறைவு. இதன் பெரிய லாபம் அந்தச் சூடே: ஸ்டட் விரிந்து சுருங்கும்போது துருப்பிடி உடைகிறது. சிவப்பு மறைந்ததும் மெழுகைத் தொட்டுவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் வந்துவிடும். வெல்டிங்கின் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் ஹெட்டிலேயே மாட்ட வேண்டும், பின் சக்கரப் பக்கம் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்கும். ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

ஹெட்டுக்குள்ளேயே உடைந்து நின்றால் துளை போட்டு எடுக்க வேண்டியதுதான். மையத்தில் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்க வேண்டும். அந்தத் துளைக்குள் கவ்வி ஸ்டட்டைத் திருப்பும் ஈஸி-அவுட் கருவியை முரட்டுத்தனமாகத் திருப்பி உள்ளே உடைத்துவிட்டால், அந்தக் கடினமான எஃகைச் சாதாரண ட்ரில் பிட் தொடாது. 10 மி.மீ., 1.5 பிட்ச் (மரை இடைவெளி) உள்ள மரைக்குத் துளை அளவு 8.5 மி.மீ. பழைய வண்டிகள் பலவற்றில் 3/8 அங்குல மரை இருக்கும், பார்வைக்கு 10 மி.மீ. போலவே தோன்றும். பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் மரை வெட்டும் டேப்பை விட்டால் ஹெட்டின் மரை போய்விடும்.

ஒரு ஸ்டட் உடைந்திருந்தாலும் ஆறையும் மாற்றுவதே சரி. மீதி ஐந்தும் அதே சூட்டில், அதே இழுவையில் இருந்தவை. இந்த வண்டியின் இன்னொரு ஸ்டட்டில் மரை நீண்டிருந்தது, புது நட் பாதி வரை சென்று இறுகியது. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரை ராடை வெட்டிப் போடக் கூடாது, அது மென்மையான இரும்பு. 8.8 தரமோ (எஃகின் வலிமைக் குறி) அதற்கு மேலோ வேண்டும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டட் துருப்பிடிக்காது என்று போடுவதும் நல்லதல்ல. அது வார்ப்பிரும்பைவிட அதிகம் விரிவதால் சூட்டில் பிடி தளரும், மரையும் கவ்விக்கொள்ளும்.

லேத் பட்டறையில்

அனுப்பும் முன் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். மேனிஃபோல்டு முழுக்க மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசி வைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கருத்த கோடு விழும். விரிசல் இருந்தால் முகம் பிடிப்பது வீண் செலவு, வேறு மேனிஃபோல்டு தேடுவதே மேல். இங்கே கோடு எதுவும் விழவில்லை.

பட்டறையில் மூன்று விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று முகங்களையும் ஒரே செட்டிங்கில் பிடிக்க வேண்டும். தேவையான அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. முக்கியமானது மூன்றாவது: மேசையில் கிளாம்ப் போடும்போது வளைந்த மேனிஃபோல்டை அழுத்தி நேராக்கிவிடக் கூடாது. அழுத்திய நிலையில் வெட்டினால் முகம் அங்கே நேராக இருக்கும், கிளாம்பைத் தளர்த்தியதும் பழைய வளைவு திரும்பிவிடும். அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, இயல்பாக உட்காரும் நிலையிலேயே பிடிக்க வேண்டும். முகம் பிடித்த மேனிஃபோல்டு கெட்டுப்போகக் கேள்விப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

0.6 மி.மீ. எடுத்ததும் முகம் முழுக்கத் தெளிந்தது. முதல், மூன்றாம் போர்ட்டுகளின் துளைகளை 12 மி.மீ.க்குப் பெரிதாக்கி, நடு போர்ட்டின் துளைகளை 11 மி.மீ.யிலேயே விட்டாயிற்று. நடு நிலையாக நிற்கும், முனைகள் நகரும். பெரிய துளைக்கு 3 மி.மீ. தடித்த வாஷர் வேண்டும், மெல்லிய வாஷர் குழிந்து துளைக்குள் இறங்கிவிடும்.

வளைவு 0.3 மி.மீ.க்குள் இருந்தால் பட்டறைக்கே போக வேண்டாம். தடித்த கண்ணாடிப் பலகையில் 80 நம்பர் எமரி தாளை ஒட்டி, மேனிஃபோல்டை எட்டு போடுவது போல் நகர்த்தித் தேய்த்தால் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் நேர்த்தியாக வரும்.

பொருத்துதல்

கேஸ்கட் இல்லாமல் மேனிஃபோல்டை ஸ்டட்டில் மாட்டிக் கையால் அழுத்திப் பார்த்தபோது 0.1 மி.மீ. ஃபீலர் தாள் எந்த ஓரத்திலும் நுழையவில்லை. இதைச் செய்யாமல் புது கேஸ்கட்டின் உறையைப் பிரிக்கவே கூடாது.

இந்த வேலைக்கு எஃகு உட்தகடு வைத்த கிராஃபைட் கேஸ்கட், போர்ட்டுக்கு ஒன்றாக மூன்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முழு நீள ஒரே துண்டைவிடத் தனித்தனி துண்டுகள் மேனிஃபோல்டின் நகர்வுக்கு இடம் தரும். ஒரு பக்கம் மட்டும் தகடு உள்ள கேஸ்கட் என்றால் தகட்டுப் பக்கம் மேனிஃபோல்டை நோக்கி இருக்க வேண்டும், வழுக்கி நகர்வது மேனிஃபோல்டுதான். கேஸ்கட்டின் துளை போர்ட்டின் ஓரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நீட்டிய ஓரம் முதலில் எரியும். சிலிக்கோன் பேஸ்ட் தடவ வேண்டாம். சிவப்பு நிற, அதிகச் சூடு தாங்கும் வகையும் இந்த இடத்தின் சூட்டுக்கு முன் நிற்காது, வெந்து உதிர்ந்து அதுவே வழி விடும். கிராஃபைட்டை உலர்ந்தபடிதான் வைக்க வேண்டும்.

ஸ்டட்களை ஹெட்டில் கையால் அடி வரை விட்டு, இறுக்கிப் பூட்டாமல் விட்டாயிற்று. நீர் அறைக்குள் திறக்கும் நடுக் கீழ்த் துளையின் ஸ்டட்டுக்கு மட்டும் சூடு தாங்கும் மரை சீலன்ட். நட்டுகள் பித்தளை, எஃகு ஸ்டட்டில் அவை துருப்பிடித்து ஒட்டுவதில்லை. நைலான் பூட்டு நட் இங்கே உதவாது, நைலான் உருகிவிடும். ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் தன் விறைப்பை இழந்து சாதாரண வளையமாகிவிடும்.

இந்த அளவு ஸ்டட்டுக்கு உலர்ந்த மரையில் 40 நியூட்டன் மீட்டர் போதும். மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவியதால் உராய்வு குறையும், அதே 40-ஐ வைத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். எனவே 32 ஆகக் குறைக்கப்பட்டது. முதலில் 12, பிறகு 22, கடைசியில் 32. ஒவ்வொரு சுற்றும் நடு போர்ட்டின் மேல், கீழ் நட்டில் தொடங்கி, அடுத்து முன் போர்ட், கடைசியாகப் பின் போர்ட். ஓரத்தில் தொடங்கினால் மேனிஃபோல்டு நடுவில் தூக்கி நிற்கும்.

சைலன்சரைப் பூட்டும் முன் தாங்கி தயாராக வேண்டும். அதை இஞ்சினில்தான் பிடிக்க வேண்டும், பானட்டில் அல்ல. இஞ்சினும் சைலன்சரும் ஒன்றாக ஆடும், பானட் வேறு விதமாக ஆடும். குழாயைச் சுற்றும் யூ கிளாம்பை, குழாய் சூட்டில் மேல் கீழாக நீள முடியும் அளவுக்கு மட்டும் இறுக்கி, வாயில் மழை மூடியையும் மாட்டியாயிற்று.

ஸ்டார்ட் செய்யும் முன்பே சோப்பு நீர் சோதனை மறுபடி. நுரை எங்கும் இல்லை. முதல் சில நிமிடம் தடவிய பேஸ்ட்டும் எண்ணெய்க் கறையும் எரிந்து மேனிஃபோல்டு முழுதும் லேசாகப் புகையும், அதை ஒழுகல் என்று பதற வேண்டாம். அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டி, கைவைக்க முடியும் அளவுக்கு முழுதாக ஆறவிட்டு, அதே வரிசையில் 32-க்கு மீண்டும் முறுக்கியபோது பின் போர்ட்டின் இரண்டு நட்டுகளும் ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்று போயின. கேஸ்கட் படிந்த அளவு அது. பத்து மணி நேர வேலைக்குப் பிறகு மறுபடி பார்த்ததில் எதுவும் நகரவில்லை. சில கேஸ்கட் உறைகளில் மறுமுறை முறுக்கத் தேவையில்லை என்று அச்சிட்டிருக்கும், அப்போது அதன்படியே விடலாம். சூடாக இருக்கும்போது மட்டும் ஒருபோதும் முறுக்கக் கூடாது.

அடுத்த ஐம்பது மணி நேர சர்வீஸில் ரேடியேட்டர் நீரின் மட்டத்தையும், மூன்றாவது போர்ட்டின் கீழ் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வண்டி ஒப்படைக்கப்பட்டது. அந்த ஓரத்தில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு விட்டால் போதும். புகைக்கரி துளி கசிந்தாலும் கோடு கருத்துவிடும், சத்தம் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.